555 புத்தகமும் சதுரக் குறியீடும்

தொழில்நுட்பம் வணிகத்தை மாற்றுகிறது என்றதும் நம் மனக்கண்ணில் என்னென்ன தோன்றும்? உணவகத்தில் தட்டேந்தி வரும் இயந்திர மனிதன், பொட்டலம் சுமந்து பறக்கும் டிரோன், கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவு. நாளிதழில் படம் போடுவதற்கு இவை ஏற்றவை. ஆனால், அடுத்த ஓராண்டில் நம் ஊர்க் கடைக்காரர் ஒருவரின் அன்றாட வேலையை எது மிகுதியாக மாற்றப்போகிறது என்று கேட்டால், விடை பெரும்பாலும் வேறோர் இடத்தில் இருக்கிறது. கல்லாப்பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறிய சதுரத்தையும், அவர் எழுதித் தரும் விலைப்பட்டியலையும் பாருங்கள்.

கிள்ளானிலோ சுங்கை சிப்புட்டிலோ உள்ள ஒரு மளிகைக்கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கடைக்காரரின் மேசை இழுப்பறையில் உள்ளங்கை அளவுக்குச் சிறிய குறிப்பேடுகள் சில கிடக்கும். மேலட்டையில் 555 என்று அச்சிட்டிருப்பதால் அவற்றுக்கு 555 புத்தகம் என்றே பெயர். மலாய்க்காரர்கள் 'பூக்கு தீகா லீமா' என்பர். ஒரு குடும்பத்துக்கு ஒரு புத்தகம். அரிசியோ மாவோ எண்ணெயோ வாங்கும்போது தேதியும் தொகையும் அதில் ஏறும். சம்பள நாளன்று கணக்குத் தீர்ந்ததும் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு விழும். தோட்டத்துக் குடும்பங்கள் பல, மாதக் கடைசி நாள்களைக் கடந்து வந்தது இந்தச் சின்னப் புத்தகத்தின் துணையோடுதான்.

அதை நாம் தொழில்நுட்பமாகக் கருதுவதில்லை. ஆயினும், யார், எப்போது, எவ்வளவு என்ற மூன்றையும் பதிந்து வைக்கும் எதுவும் ஒரு தரவுத்தளமே. 555 புத்தகத்தின் தனித்தன்மை, அதை இருவர் மட்டுமே படிக்க முடியும் என்பது. கடைக்காரருக்கும் வாடிக்கையாளருக்கும் அது போதும். அவர்களுக்கு அப்பால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பில்லை. முப்பது ஆண்டுகள் நாணயமாகக் கடை நடத்திய ஒருவர், பக்கத்துக் கடையையும் வாடகைக்கு எடுத்து விரிவுபடுத்த எண்ணி வங்கியில் கடன் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வங்கி அதிகாரி கேட்பது வங்கிக் கணக்கறிக்கையும் வரி ஆவணமும். இழுப்பறை நிறையப் புத்தகங்கள் இருந்தும் அவரிடம் 'சான்று' இல்லை.

இன்று கடைகளுக்குள் நுழையும் தொழில்நுட்பங்கள் பலவும் ஏறக்குறைய ஒரே வேலையைச் செய்கின்றன. கடைக்குள் மட்டும் இருந்த கணக்கை வெளியில் இருப்பவர்களும், அவர்களின் கணினிகளும் படிக்கும்படி ஆக்குகின்றன. அதனால் கடைக்காரர் பெறுவது என்ன, கொடுப்பது என்ன?

கோடுகளிலிருந்து கட்டங்களுக்கு

பிஸ்கட் பொட்டலம் ஒன்றைத் திருப்பிப் பாருங்கள். கறுப்பு வெள்ளைக் கோடுகளும் அவற்றின்கீழ் எண்களும் தெரியும். எண்கள் 955 என்று தொடங்கினால், அது மலேசியாவின் குறியீட்டு அமைப்பில் பதிவு பெற்றது என்று பொருள். (955 இருந்தாலே மலேசியாவில் தயாரித்த பொருள் என்று பலர் எண்ணுகின்றனர். பதிவு எங்கே நடந்தது என்பதை மட்டுமே அந்த எண் காட்டும்.) இந்தப் பட்டைக்குறியீடு முதன்முதலில் ஒரு பேரங்காடியில் வருடப்பட்டது 1974ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டிராய் எனும் ஊரில் விற்கப்பட்ட அந்தப் பொருள், ஒரு பொட்டலம் சுயிங்கம்!

பட்டைக்குறியீட்டுக்கு ஒரு குறை உண்டு. அதில் சுமார் இருபது எழுத்துகளுக்கு மேல் அடங்கா. ஜப்பானில் வாகன உதிரிப்பாகத் தொழிற்சாலைகளில் ஒரே பெட்டியின்மீது பல பட்டைக்குறியீடுகளை ஒட்டி, ஒவ்வொன்றையும் தனித்தனியே வருட வேண்டியிருந்தது. ஊழியர்கள் களைத்துப் போயினர். டென்சோ நிறுவனத்தின் பொறியாளர் மசாஹிரோ ஹாரா இதற்குத் தீர்வு தேடினார். கறுப்பு, வெள்ளைக் காய்களைக் கட்டங்களில் வைத்து ஆடும் 'கோ' எனும் விளையாட்டு அவருக்கு ஒரு வழியைக் காட்டியது. கோடுகளால் ஒரு திசையில் மட்டும் எழுதுவதற்குப் பதிலாகக் கட்டங்களால் இரு திசைகளிலும் எழுதினால் என்ன? 1994இல் கியூஆர் குறியீடு பிறந்தது. எண்களை மட்டும் பதிவதானால், ஒரு குறியீட்டில் 7,089 எண்கள் வரை அடங்கும்.

அதன் மூன்று மூலைகளில் உள்ள பெரிய சதுரங்களைக் கவனித்திருப்பீர்கள். குறியீடு எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பதைக் கருவி அவற்றைக் கொண்டே அறிகிறது. வேறு அச்சுத்தாள்களில் உள்ள படங்களையோ எழுத்துகளையோ கண்டு கருவி ஏமாறக்கூடாது அல்லவா? ஹாராவின் குழுவினர் ஏராளமான அச்சுத்தாள்களை ஆராய்ந்து, அவற்றில் மிக அரிதாகத் தென்படும் விகிதத்தைக் கண்டறிந்தனர். கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி 1:1:3:1:1 என அமையும் விகிதம் அது. குறியீட்டின் ஒரு பகுதி அழுக்கானாலும் கிழிந்தாலும் எஞ்சிய பகுதியைக் கொண்டு தகவலை மீட்கவும் வழி செய்தனர். உயர்ந்த அளவில் 30 விழுக்காடு வரை சேதத்தைத் தாங்கும். எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய ஒட்டுக்கடைச் சுவரிலும் அது வேலை செய்வது இதனால்தான்.

அந்த நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தும், குறியீட்டைப் பயன்படுத்துவோரிடம் கட்டணம் கேட்கவில்லை. அது உலகெங்கும் பரவியதற்கு இந்த முடிவு ஒரு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். சிறந்த கண்டுபிடிப்பாக இருந்தும் ஒருவர் கையிலேயே பூட்டப்பட்டு மறைந்தவை பல உள்ளன.

இனி வரப்போவதையும் பார்ப்போம். பொருள்களின் குறியீட்டைக் கவனிக்கும் ஜிஎஸ்1 எனும் அனைத்துலக அமைப்பு, 2027ஆம் ஆண்டு முடிவதற்குள் கடைகளின் கல்லாக் கருவிகள் கட்டக் குறியீடுகளையும் படிக்க வேண்டும் என்ற இலக்கை முன்வைத்துள்ளது. பட்டைக்குறியீடு "இது இன்ன பால்" என்று மட்டும் சொல்லும். கட்டக் குறியீடு "இது இன்ன பால், இன்ன தொகுதியில் தயாரானது, இன்ன தேதியோடு காலாவதியாகும்" என்றும் சொல்லக்கூடும். அவ்வாறாயின், காலாவதியான பால்மாவை விற்க முயன்றால் கல்லாக் கருவியே தடுத்துவிடும். தயாரிப்பில் தவறு நேர்ந்த ஒரு தொகுதியைத் திரும்பப் பெற வேண்டுமானால், நாடு முழுவதும் உள்ள எல்லாப் பெட்டிகளையும் அகற்ற வேண்டியதில்லை. அந்தத் தொகுதியை மட்டும் பிரித்தெடுக்கலாம். சிறு கடைக்காரர் பழைய வருடியை மாற்ற வேண்டியிருக்கும். செலவு அவருடையது.

ஒரே சதுரம், பல பணப்பைகள்

சில ஆண்டுகளுக்கு முன்பு மின்பணப்பை நிறுவனம் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீடு வைத்திருந்தது. கடைக்காரரின் மேசையில் ஐந்தாறு அட்டைகள் வரிசையாக நின்றன. வாடிக்கையாளரிடம் இருக்கும் செயலிக்குரிய அட்டை இல்லையென்றால் பழையபடி ரொக்கம்தான். பின்னர், மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் கொள்கைக்கேற்ப, பேநெட் நிறுவனம் டுவிட்நவ் கியூஆர் எனும் பொதுக் குறியீட்டை அமைத்தது. இப்போது இளஞ்சிவப்பு நிறத்தில் ஓர் அட்டை. எந்த வங்கிச் செயலியாலும், பெரும்பாலான மின்பணப்பைகளாலும் அதைப் படிக்க முடியும். தாய்லாந்து, இந்தோனேசியா, சிங்கப்பூர் ஆகிய நாடுகளின் கட்டண முறைகளோடும் அது இணைக்கப்பட்டுள்ளது. சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கு வரும் ஒருவர், நாணயம் மாற்றாமலேயே தம் திறன்பேசியால் பணம் செலுத்தலாம்.

இங்கே புதிதாக எந்தக் கருவியும் கண்டுபிடிக்கப்படவில்லை. போட்டியாளர்கள் ஒரே விதியை ஏற்றுக்கொண்டனர், அவ்வளவே. பெரிய மாற்றங்கள் பல இப்படித்தான் நிகழ்கின்றன.

சிறு வணிகர்களுக்கு இதில் நன்மை மிகுதி. சில்லறைத் தொல்லை இல்லை. இரவில் பணத்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும் அச்சம் குறைவு. நாள்தோறும் வரும் தொகை வங்கிக் கணக்கில் பதிவாவதால், நாம் மேலே கண்ட கடைக்காரருக்கு இல்லாதிருந்த 'சான்று' இப்போது தானாகவே சேர்கிறது. இந்தியச் சமூகத்தின் சிறு வணிகர்களுக்காகத் தெக்குன் நேஷனல் வழங்கும் ஸ்பூமி கடனுதவிக்கு விண்ணப்பித்தாலும் சரி, வங்கியை நாடினாலும் சரி, இத்தகைய பதிவுகள் கைகொடுக்கும்.

சிக்கல்களும் உள்ளன. கடையின் குறியீட்டின்மேல் வேறொரு குறியீட்டை ஒட்டிவிட்டுச் செல்லும் மோசடி பல நாடுகளில் நடந்துள்ளது. மனிதக் கண்ணுக்கு இரண்டு சதுரங்களும் ஒன்றுபோலவே தெரியும். பணம் வேறொருவர் கணக்குக்குப் போய்விடும். பணம் செலுத்தியதாகப் போலித் திரைப்படத்தைக் காட்டிவிட்டு நழுவுவோரும் உண்டு. கூட்டம் நெரியும் இரவுச் சந்தையில், கை நிறைய மாவோடு அப்பம் சுடும் ஓர் அக்கா ஒவ்வொரு திரையையும் உற்றுப் பார்க்க முடியுமா? பணம் வந்து சேர்ந்ததும் தொகையை உரக்கச் சொல்லும் ஒலிப்பெட்டிகள் சந்தைக்கு வந்ததற்கு இதுவே காரணம். காலையில் கடை திறந்ததும் தம் திறன்பேசியால் தம் குறியீட்டையே ஒருமுறை வருடிப் பார்த்து, திரையில் தம் பெயர் வருகிறதா என்று உறுதிசெய்துகொள்வது செலவில்லாத பாதுகாப்பு.

கட்டணம் இன்னொரு கேள்வி. 2023ஆம் ஆண்டின் பிற்பகுதியில், டுவிட்நவ் கியூஆர் வழிப் பணம் பெறும் வணிகர்களிடம் கட்டணம் வசூலிக்கப்படலாம் என்ற அறிவிப்பு வந்தபோது சிறு வணிகர்களிடையே கவலை எழுந்தது. சிறு வணிகர்களுக்கு அக்கட்டணம் இல்லை என்று வங்கிகள் அறிவித்த பின்னரே அது அடங்கியது. இலவசமாகக் கிடைக்கும் வசதி எப்போதும் இலவசமாகவே இருக்கும் என்று ஒரு வணிகர் கணக்குப் போடலாகாது.

படமும் தரவும்

இனி, மலேசிய வணிகர்கள் இப்போது மிகுதியாகப் பேசும் மின்விலைப்பட்டியலுக்கு வருவோம். கடைத்தெருவில் இதை 'இ-இன்வாய்ஸ்' என்பார்கள். விலைப்பட்டியலைக் கணினியில் தட்டச்சு செய்து, மின்னஞ்சலில் அனுப்புவதுதானே என்று பலர் நினைக்கின்றனர். இல்லை. வேறுபாட்டைப் புரிந்துகொள்ள ஒரு தேதியை எடுத்துக்கொள்வோம்.

ஒரு விலைப்பட்டியலில் 5/6/2026 என்று இருக்கிறது. இது ஜூன் 5ஆம் நாளா, மே 6ஆம் நாளா? நம் நாட்டில் ஜூன் 5 என்போம். ஓர் அமெரிக்கர் மே 6 என்பார். மனிதர் சூழலைக் கொண்டு ஊகிப்பார். கணினிக்கு அந்த ஊகம் ஆபத்தானது. விலைப்பட்டியலைப் படம்பிடித்து அனுப்பினாலும், பிடிஎஃப் கோப்பாக அனுப்பினாலும் இந்தக் குழப்பம் தீராது. ஏனெனில் கணினிக்கு அது ஒரு படம் போன்றதே. மின்விலைப்பட்டியலில் ஒவ்வொரு தகவலுக்கும் தனிக் கட்டம் உண்டு. தேதிக்குரிய கட்டத்தில் 2026-06-05 என்றே எழுத வேண்டும். விற்பவர், வாங்குபவர், வரி அடையாள எண், பொருள், அளவு, விலை, வரி என ஐம்பதுக்கும் மேற்பட்ட கட்டங்கள் வகுக்கப்பட்டுள்ளன. இப்படி ஒழுங்குபடுத்திய தகவலைத்தான் ஒரு கணினி மற்றொரு கணினியிடமிருந்து பிழையின்றிப் படித்துக்கொள்ளும்.

அது பயணம் செய்யும் விதம் இது. விற்பவர் தகவலை உள்நாட்டு வருமான வாரியத்தின் மைஇன்வோய்ஸ் தளத்துக்கு அனுப்புகிறார். தளம் உடனடியாகச் சரிபார்த்து, அதற்குத் தனி அடையாள எண் ஒன்றைத் தருகிறது. பிறகு அது வாங்குபவரைச் சென்றடைகிறது. அதில் அச்சாகும் கியூஆர் குறியீட்டை வருடி, விலைப்பட்டியல் உண்மையானதா என்று யாரும் சோதிக்கலாம். பிழை இருப்பின் 72 மணி நேரத்துக்குள் அதை இரத்து செய்யலாம். அதன்பின் திருத்த வேண்டுமானால் புதிய ஆவணம் வெளியிட வேண்டும். 555 புத்தகத்தில் ஓர் எண்ணை அடித்துவிட்டு மேலே எழுதியதுபோல் இங்கே செய்ய இயலாது.

அரசாங்கம் இதைப் படிப்படியாக நடைமுறைப்படுத்தியது. 2024 ஆகஸ்டு 1 முதல் ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட பெரிய நிறுவனங்கள். 2025 ஜனவரி 1 முதல் 25 மில்லியனுக்கு மேற்பட்டவை. அதே ஆண்டு ஜூலை 1 முதல் 5 மில்லியனுக்கு மேற்பட்டவை. 2026 ஜனவரி 1ஆம் நாள், ஒரு மில்லியனுக்கு மேற்பட்டோரின் முறை வந்தது. அதற்குக் கீழே உள்ள சிறு வணிகர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது.

ஒரு மில்லியன் ரிங்கிட் என்றதும் பெரிய செல்வந்தர் என்று தோன்றுகிறது, இல்லையா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு மில்லியன் என்பது நாளொன்றுக்குச் சுமார் 2,740 ரிங்கிட் விற்பனை. இது விற்பனை, இலாபம் வேறு. நூறு ரிங்கிட் பொருள் விற்றால் எட்டு ரிங்கிட் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொண்டால், அந்த நாளின் இலாபம் 220 ரிங்கிட்டுக்கும் குறைவு. வாடகை, மின்கட்டணம், உதவியாளர் சம்பளம் அனைத்தும் அதிலிருந்துதான். மளிகைக்கடை, மொத்த விற்பனைக்கடை போன்றவற்றில் பணம் நிறையப் புரளும். கையில் தங்குவது கொஞ்சம். எனவே, இந்த வரம்பைத் தாண்டும் கடைக்காரர்கள் பலர், கணக்காளரை அமர்த்தும் வசதி படைத்தவர்கள் அல்லர். கடையை மூடிய பிறகு இரவில் கணினிமுன் அமர்பவர் அவராகவே இருப்பார். அல்லது, இதைப் படிக்கும் உங்களைப் போன்ற ஒரு மகனோ மகளோ.

விதிமுறை இதை ஓரளவு உணர்ந்திருக்கிறது. கடைக்கு வந்து ரொட்டியும் சீனியும் வாங்கிச் செல்லும் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மின்விலைப்பட்டியல் தேவையில்லை. அவற்றையெல்லாம் திரட்டி, மாதம் முடிந்து ஏழு நாள்களுக்குள் ஒரே பட்டியலாக அனுப்பலாம். ஆனால், 10,000 ரிங்கிட்டைத் தாண்டும் தனி விற்பனையை அவ்வாறு சேர்க்கக்கூடாது. விலக்குப் பெற்ற மிகச் சிறிய கடைக்காரரும் இந்த வலையமைப்புக்கு முற்றிலும் வெளியே இருக்க முடியாது. அவருக்குப் பொருள் தரும் மொத்த வியாபாரி, "உங்கள் வரி அடையாள எண் என்ன அண்ணே?" என்று கேட்கத்தான் செய்வார்.

அரசாங்கம் ஏன் இதை விரும்புகிறது என்பது வெளிப்படை. மறைக்கப்படும் விற்பனை குறையும். வரி ஒழுங்காக வந்து சேரும். நேர்மையாக வரி கட்டும் கடைக்காரரின் பார்வையில் இது நியாயமானதே. வரி கட்டாமல் விலையைக் குறைத்து விற்கும் போட்டியாளரால் அவர்தாமே பாதிக்கப்படுகிறார்? ஐரோப்பாவில் உருவான பெப்போல் எனும் பொது விதிமுறையை ஐரோப்பாவுக்கு வெளியே முதலில் ஏற்ற நாடு சிங்கப்பூர். அங்கு 2019இல் தொடங்கிய திட்டத்துக்கு இன்வாய்ஸ்நவ் என்று பெயர். கட்டாயமின்றி, விரும்பியோர் சேரும் ஏற்பாடாகவே அது தொடங்கியது. விரைவு வேண்டுமா, இணக்கம் வேண்டுமா என்பதில் நாடுகள் வெவ்வேறு வழிகளைத் தேர்ந்திருக்கின்றன.

தீபாவளி எப்போது?

செயற்கை நுண்ணறிவை இவ்வளவு பின்னால் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஒழுங்கான பதிவுகள் இல்லாத கடைக்கு அதனால் பெரும்பயன் இல்லை. எந்த மாதம் எவ்வளவு விற்றது என்ற தரவைக் கொண்டுதான், அடுத்த மாதம் எவ்வளவு வாங்கி வைக்கலாம் என்று அது கணிக்கும்.

அந்தக் கணிப்பிலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். தீபாவளி 2024இல் அக்டோபர் 31ஆம் நாள் வந்தது. 2025இல் அக்டோபர் 20. 2026இல் நவம்பர் 8. சென்ற ஆண்டின் நாள்காட்டியை மட்டும் பார்த்துக் கற்ற மென்பொருள், முறுக்கு மாவையும் நெய்யையும் அக்டோபர் தொடக்கத்திலேயே வாங்கிக் குவிக்கச் சொல்லும். நோன்புப் பெருநாளோ ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னோக்கி நகரும். ஐரோப்பிய, அமெரிக்கச் சந்தைகளுக்காக உருவான மென்பொருளுக்கு டிசம்பர் 25 நன்றாகத் தெரியும்; தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் பக்கத்துக் கடைகளில் தண்ணீர்ப் போத்தல் எவ்வளவு விற்கும் என்பது, யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் தெரியும். அந்த 'யாராவது' கடைக்காரரே. இருபது ஆண்டு அனுபவம் பயனற்றுப் போய்விட்டது என்று அவர் கருதத் தேவையில்லை.

மொழியும் அப்படியே. கடைக்காரருக்குப் புலனத்தில் இப்படி ஒரு செய்தி வரலாம்: "அண்ணே, பெராஸ் 10 கிலோ, சந்தான் ரெண்டு பேக்கெட், நாளைக்கு ஹந்தார் பண்ண போலேயா?" தமிழும் மலாயும் கலந்த இந்த வாக்கியம் அவருக்கு நொடியில் விளங்கும். அரிசியும் தேங்காய்ப்பாலும் நாளைக்கு வீட்டுக்கு வர வேண்டும். தானாகப் பதில் எழுதும் உரையாடல் மென்பொருள் இதில் தடுமாறக்கூடும். இணையத்தில் உள்ள ஆங்கில எழுத்துகளின் அளவோடு ஒப்பிட்டால் தமிழ் மிகக் குறைவு. மலேசியப் பேச்சுத்தமிழ் அதிலும் குறைவு. சிங்கப்பூரில் உருவாக்கப்பட்ட சீ-லயன் போன்ற வட்டார மொழி மாதிரிகள் தமிழையும் சேர்த்துக்கொள்வது இந்த இடைவெளியைக் குறைக்கும் முயற்சியாகும்.

மென்பொருள் தவறாகப் பதில் சொன்னால் யார் பொறுப்பு? கனடாவில் இந்தக் கேள்வி ஒரு தீர்ப்பாயம் வரை சென்றது. 2022இல் பாட்டியை இழந்த ஒருவர், இறுதிச் சடங்குக்குச் செல்ல ஏர் கனடா விமானத்தில் பயணம் செய்தார். துக்கத்தில் இருப்போருக்கான சலுகைக் கட்டணத்தைப் பயணத்துக்குப் பின்னரும் கேட்டுப் பெறலாம் என்று அந்நிறுவனத்தின் இணையத்தளத்தில் இருந்த உரையாடல் மென்பொருள் அவருக்குக் கூறியிருந்தது. நிறுவனத்தின் விதியோ அதற்கு நேர்மாறானது. அவர் பணத்தைக் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. அந்த மென்பொருள் தனியொரு சட்ட ஆள் போன்றது, அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு என்ற வகையிலும் வாதிட்டது! பிரிட்டிஷ் கொலம்பியாவின் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இணையத்தளத்தில் இருக்கும் எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று 2024 பிப்ரவரியில் முடிவு கூறி, வட்டியும் கட்டணமும் சேர்த்துச் சுமார் 812 கனடிய டாலர் வழங்க ஆணையிட்டது. தொகை சிறியது. ஆனால் "கணினி சொன்னது, நான் என்ன செய்வேன்?" என்று கைவிரிக்க எண்ணும் எந்த வணிகரும் இந்த வழக்கை அறிந்திருக்க வேண்டும்.

பதிவுகளைக் காப்பது யார்?

வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி எண், முகவரி, கடன் பாக்கி ஆகியவை முன்பு இழுப்பறையில் கிடந்தன. திருடன் வந்தாலும் அந்தப் புத்தகங்களைத் தொடமாட்டான். இன்று அவை திறன்பேசியிலும் 'மேகத்திலும்' இருக்கின்றன. மேகம் என்றாலும் அது வானில் இல்லை. ஜொகூரில் கூலாய்க்கு அருகே செடெனாக்கில் எழுந்துள்ளவை போன்ற பெரிய தரவு மையக் கட்டடங்களில், மின்சாரத்தையும் நீரையும் உட்கொண்டு ஓடும் கணினிகளில் இருக்கிறது.

வணிகத்தில் திரட்டப்படும் தனிப்பட்ட தகவல்களைக் காக்க நம் நாட்டில் 2010ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 2024இல் அது திருத்தப்பட்டு, உச்ச அபராதம் மூன்று இலட்சம் ரிங்கிட்டிலிருந்து ஒரு மில்லியன் ரிங்கிட்டாக உயர்ந்தது. தகவல் கசிவு ஏற்பட்டால் அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற கடப்பாடும் 2025 ஜூன் 1 முதல் நடப்புக்கு வந்தது. கடன் பாக்கி வைத்தவரின் பெயரையும் படத்தையும் புலனக் குழுவில் போட்டு அவமானப்படுத்தும் பழக்கம் சில இடங்களில் உள்ளது. பணம் வர வேண்டியது உண்மையாக இருக்கலாம். அதற்காக அடுத்தவரின் தகவலை ஊரறியப் பரப்பும் உரிமை வந்துவிடுவதில்லை. 555 புத்தகம் இருவருக்கிடையே இருந்தபோது இந்த நாகரிகம் இயல்பாகவே காக்கப்பட்டது.

எல்லாமே இணைந்திருக்கும்போது எல்லாமே ஒன்றாக நின்றுபோகவும் கூடும். 2024 ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் எனும் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஒரு பிழையான மென்பொருள் புதுப்பிப்பால், உலகெங்கும் சுமார் 8.5 மில்லியன் விண்டோஸ் கணினிகள் செயலிழந்தன. விமான நிலையங்களில் பயணிகள் மணிக்கணக்கில் காத்து நின்றனர். ஐதராபாத்து விமான நிலையத்தில் பயணி ஒருவரின் நுழைவு அட்டை பேனாவால் எழுதித் தரப்பட்டது. பெரிய நிறுவனங்களுக்கே இந்த நிலை என்றால், மின்சாரம் தடைப்பட்ட ஒரு மாலையில் நம் மளிகைக்கடைக்காரர் என்ன செய்வார்? மெழுகுவர்த்தியை ஏற்றுவார், கல்லாப்பெட்டியில் கொஞ்சம் சில்லறை வைத்திருப்பார், விற்றதை ஒரு தாளில் எழுதிவைத்து, மின்சாரம் வந்ததும் கணினியில் ஏற்றுவார்.

திறன்பேசி இல்லாத ஒரு பாட்டி அப்போது கடைக்கு வந்து, "தம்பி, காசு அடுத்த வாரம் தர்றேன், எழுதி வெச்சுக்கோ" என்று சொல்லக்கூடும். அதைப் பதிவதற்கென்று அவருடைய கட்டணச் செயலியில் ஒரு கட்டம் இல்லை. கடைக்காரர் இழுப்பறையைத் திறப்பார்.

கலந்துரையாடுக

1. 555 புத்தகத்தையும் மின்விலைப்பட்டியலையும் 'யார் படிக்க முடியும்?' என்ற கோணத்தில் ஒப்பிடுக. கடைக்காரருக்கு எது எப்போது பயன்படும்?

2. பிடிஎஃப் கோப்பாக அனுப்பப்படும் விலைப்பட்டியலை ஏன் மின்விலைப்பட்டியல் என்று கூற முடியாது? கட்டுரையில் வரும் தேதிச் சான்றைத் தவிர்த்து, வேறொரு சான்றைக் கொண்டு விளக்குக.

3. உங்கள் வட்டாரத்தில் உள்ள ஒரு சிறு வணிகரைச் சந்தித்து, கடந்த ஓராண்டில் அவர் புதிதாகப் பயன்படுத்தத் தொடங்கிய ஒரு தொழில்நுட்பத்தைப் பற்றிக் கேட்டறிக. அதனால் மிச்சமான நேரம், கூடிய செலவு, யாருடைய உதவியால் கற்றார் ஆகியவற்றைக் குறிப்பெடுத்து வகுப்பில் பேசுக. வாடிக்கையாளர்களின் பெயர்களைக் குறிப்பில் சேர்க்க வேண்டா.